ஷட்டரை இறக்கு, ரூபினி!

போன் அலறியது!

ரூபினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்கவில்லை.

ஓய்ந்தது. மறுபடி அலறியது.

இரண்டாவது தடவை எடுத்தாள்.

"என்னடி, போன் எடுக்க இவ்ளோ நேரம்? செத்துக்கித்துப் போயிட்டியோன்னு நெனச்சேன்!"

ஹேமநாதன் சிரித்தான்.

புருஷன் சிரித்தால் கூடவே சிரிப்பது ஒரு பழக்கம். ரூபினியும் சிரித்தாள். வாய் சிரிக்கும். உள்ளே ஒன்றும் அசையாது. கல்யாணமான முதல் வருஷமே கற்றுக்கொண்ட வித்தை.

"மேல இருந்தேங்க. சத்தம் கேக்கல."

"கீழ எறங்கிட்டியா?"

"ம். கார் பக்கத்துலதான் நிக்கிறேன்."

சிகாமட் டவுனில் பழைய கடை வரிசை. கீழே வொர்க்‌ஷாப், மேலே வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் வேலைக்கு யாருமில்லை. வெளியே மழை... ரோட்டை அடித்துக்கொண்டு போகிற மழை!

உள்ளே ஒரு மைவி. வெள்ளை நிறம். வெளியே பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற கார். எஞ்சினைத் திறந்தால் வேறு ஜாதி! சாதாரணக் காரைச் சீறுகிற காராக மாற்றித் தருவதில் ஹேமநாதனுக்கு வடக்கு ஜொகூர் முழுக்கப் பேர்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஜேபில. மாமாக் கடையில உக்காந்து தே தாரே குடிக்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் இன்னும் வரல."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் யாரும் வரப்போவதில்லை. டீக்கடையின் கேமரா சரியாக முகத்தைப் பிடிக்கும் மேஜையாகப் பார்த்து ஹேமநாதன் உட்கார்ந்திருந்தான்.

"ரூபி, நல்லாக் கேட்டுக்க. மூவார்காரன் சாயங்காலம் நம்ம காரை விலைக்கு வாங்க வரான். புது ஃபில்டர், புது எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டிட்டேன். கம்ப்யூட்டர் மட்டும்தான் பாக்கி."

"அதை எனக்கு என்னாங்க தெரியும்?"

"அலமாக்! ஒன்னுமே இல்ல லா. கார் கம்ப்யூட்டருக்குப் பழைய ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகம் இருக்கிற வரைக்கும் புதுச் சாமானோட ஒத்துப்போகாது. அதுக்குத்தான் பாட்டரி வயரைக் காலையிலேயே கழட்டிட்டேன். ஞாபகம் பூரா அழிஞ்சிருக்கும். நீ வயரை மாட்டு. ஸ்டார்ட் பண்ணு. அப்புறம் எதையும் தொடாம சும்மா உக்காந்திரு."

"எதையும்னா?"

"ஏர்கான் கூடாது. ரேடியோ கூடாது. லைட் கூடாது. எண்ணெய் பெடல் மிதிக்கக் கூடாது. எஞ்சின் சும்மா ஓடும். ஓட ஓட கம்ப்யூட்டர் தானாக் கத்துக்கும். இடையில யாராச்சும் எதையாச்சும் போட்டா எல்லாம் நாசம். புரியுதா?"

"புரியுது. ஷட்டரைத் திறந்துதான் வச்சிருக்கேன். மெசேஜ்ல அப்படித்தானே எழுதியிருந்தீங்க?"

எழுதியிருந்தான். 'ஷட்டரை நல்லாத் திறந்து வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு செல்லம், ஜாக்கிரதை' என்று... பக்கத்தில் ஒரு இதயப் படம். போலீஸ் படிப்பதற்காக எழுதிய மெசேஜ் அது!

போனில் பேசுவது வேறு. பேச்சு காற்றோடு போய்விடும்.

"அது காலையில எழுதினது லா! இப்ப மழை. சாரல் அடிச்சா ஃபில்டர் தண்ணி குடிச்சிடும். பக்கத்துக் கடை முதலாளி, அந்தத் தவுக்கே வேற, ஞாயித்துக்கிழமைகூடவா சத்தம்னு கத்துவான். ஷட்டரை இறக்கு, ரூபினி!"

"முழுசாவா?"

"முழுசா. பின்கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு. கீழ இடுக்குல ஏதோ துணி அடைச்சிருக்கு..."

"எலி வருது. நான்தான் அடைச்சேன். தொடாத."

கடகடவென்று ஷட்டர் இறங்கும் சத்தம் போனில் கேட்டது. கடைசியில் 'டங்!'

ஹேமநாதன் தே தாரேயை ஒரு மடக்கு உறிஞ்சினான். இனித்தது.

ஒவ்வொரு காரின் வயிற்றுக்குக் கீழும் ஒரு டப்பா இருக்கும். எஞ்சின் கக்கும் விஷப் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா. வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டுவார்கள். ஹேமநாதனும் கழற்றியிருந்தான்... ஆனால் வேகத்துக்காக அல்ல!

மூடிய கடை. விஷத்தை அப்படியே கக்கும் கார். அதற்கு வாசனை கிடையாது. நிறம் கிடையாது. முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும். பிறகு ஒன்றும் வராது.

'பாவம் சார்... திறந்து வச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுன்னு படிச்சுப் படிச்சு எழுதினேன். மழைக்குப் பயந்து மூடிட்டா போல!'

அழுகையைக்கூடக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வைத்திருந்தான்.

காரணம்?

கருப்பாயி.

போன மாசம். சாஆவிலிருந்து பெக்கோக் போகிற ரோடு. இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். இதே மைவி. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். எஞ்சினுக்குப் புது முறுக்கு ஏற்றி, கம்ப்யூட்டரை அழித்து, ஓட்டிப் பார்க்கப் போன நாள்.

உதிர்ந்த செம்பனைப் பழங்களை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாள் கருப்பாயி. அறுபதைத் தாண்டியவள். பின்னால் வருகிற காருக்காக ஒதுங்கிக்கூட நின்றாள்.

கார் அவளைத் தூக்கி எறிந்தது!

பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. கார் நின்றது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கருப்பாயி சாகவில்லை. புல்லில் கிடந்தபடி ஒரு கையை மட்டும் தூக்கினாள். கூப்பிடுகிற மாதிரி.

கார் போய்விட்டது.

இருட்டுகிற நேரத்தில் ஒரு லாரிக்காரன் பார்த்தபோது அந்தக் கை கீழே இறங்கியிருந்தது.

அன்று ராத்திரி ஹேமநாதன் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "கிழவிதானே, எப்படியும் போற கேஸு" என்றான். ரூபினி தன் தட்டை நகர்த்தி வைத்தாள். அவன் சாப்பிட்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. அவன் விரலை நக்கியதுதான் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

போன வாரம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நான் போலீஸுக்குப் போறேன்."

முதலில் கெஞ்சினான். அப்புறம் அறைந்தான். அதற்குப் பிறகு திடீரென்று இனிப்பாகப் பேச ஆரம்பித்தான்.

அறைக்கு அவள் பயப்படவில்லை. இனிப்புக்குத்தான் பயந்தாள்.

"மாட்டிட்டேங்க."

"இறுக்கமா மாட்டினியா? இப்ப உள்ள உக்காரு. கண்ணாடி ரெண்டையும் காலையிலேயே இறக்கித்தான் வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும். கியர் P-ல இருக்கா பாரு. இருக்கா? ஸ்டார்ட் பண்ணு. போனை டேஷ்போர்ட் மேல வை. எனக்கு எஞ்சின் சத்தம் கேக்கணும்."

எஞ்சின் உயிர் பெற்றது.

ட்ர்ர்ர்ரும்ம்ம்!

புது எக்ஸாஸ்ட்டின் உறுமலில் போனே அதிர்ந்தது. ஹேமநாதன் கண்ணை மூடிக்கொண்டான். காதுதான் அவனுடைய மூலதனம். ஸ்கேனர் சொல்வதற்கு முன்னால் அவன் காது சொல்லிவிடும். உறுமல் ஏறியது... இறங்கியது... ஏறியது... கம்ப்யூட்டர் குழந்தை மாதிரி தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது.

"சத்தம் ஏறி ஏறி எறங்குதுங்க. பயமா இருக்கு."

"கத்துக்குது லா. நீ கண்டுக்காத. பேசிக்கிட்டே இரு. போரடிக்காது."

"என்னா பேசறது?"

"ஏதாச்சும். ஆத்துல தண்ணி ஏறுதா?"

"ஏறுதாம். பாலத்துக்கிட்ட போலீஸ் நிக்கிறாங்களாம்."

"நின்னுட்டுப் போறாங்க."

மழை பெய்தது. எஞ்சின் ஓடியது. அவன் ரொட்டி சானாய்க்குச் சொன்னான்.

"என்னங்க... தலை வலிக்குது."

"மழைக்கு அப்படித்தான் இருக்கும்."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"காலையில என்னா சாப்ட்டே?"

"நாசி லெமாக்."

"அதான்! சம்பல் ஒத்துக்கல."

"கொஞ்ச நேரம் வெளிய எறங்கி நிக்கட்டா?"

"வேணாம்!" குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து தாழ்த்திக்கொண்டான். "கதவைத் திறந்தா உள் லைட் எரியும் ரூபி. லைட் எரிஞ்சா கரண்ட் இழுக்கும். கம்ப்யூட்டர் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்துக்க, செல்லம்."

"சரிங்க..."

எவ்வளவு நல்ல பெண்டாட்டி! சொன்ன சொல் தட்டாதவள். ஹேமநாதனுக்கு ஒரு நொடி மனசு இளகியது. அந்த ஒரு நொடியில் ரொட்டி சானாய் வந்துவிட்டது. பிய்த்துப் பருப்பில் தோய்த்தான்.

"என்னங்க..."

"சொல்லு."

"கையைத் தூக்க முடியல..."

"எதுக்குத் தூக்கணும்? யாருக்கு டாட்டா காட்டப்போற?"

"கருப்பாயி அக்காவும்... இப்படித்தானே... கையை..."

"அதை ஏன் இப்பப் பேசுற? கண்ணை மூடிக்க. தூக்கம் வருதா?"

"வருது... ஷட்டரைத் திறங்க... யாராச்சும்..."

"தூங்கு ரூபி. தூங்கு. எல்லாம் சரியாப் போயிடும்."

"ஹே...மா..."

பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

'டக்' என்று ஏதோ விழுந்தது. பிறகு அவள் குரல் இல்லை. எஞ்சின் மட்டும்.

ஹேமநாதன் பேசவில்லை. கட் செய்யவும் இல்லை. போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

முனகல் ஒன்று வந்தது. நின்றது. மறுபடி ஒன்று... மெலிதாக. நின்றது.

அவன் மென்றான். விழுங்கினான்.

இனி முனகல் இல்லை.

உறுமலின் தடுமாற்றம் குறைந்துகொண்டே வந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக... பட்டுப் போல... கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது! அவன் கை வேலை அது. தப்பு சொல்ல முடியாத வேலை. பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில் அவனுக்குள் எழுந்தது பயமா, வருத்தமா?

இரண்டும் இல்லை. பெருமை!

இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் தவுக்கேக்குப் போன் போட்டு, 'பாஸ், என் பொண்டாட்டி போன் எடுக்கல, கொஞ்சம் பாருங்க' என்று பதற வேண்டும்...

அப்போதுதான் அது கேட்டது.

க்ளிக்.

சின்னச் சத்தம். உலகத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த கணம் எஞ்சின் ஒரு அடி வாங்கியது போலக் குனிந்தது... திணறியது... பட்டு கிழிந்தது!

ஹேமநாதனின் உடம்பு அவனைக் கேட்காமல் எழுந்து நின்றது. வாய் அவனைக் கேட்காமல் கத்தியது.

"ஏய்! ஏர்கானை ஆஃப் பண்ணு! கத்துக்கிட்டு இருக்கும்போது எவனாச்சும் ஏர்கான் போடுவானா? அத்தனையும் நாசம்! முட்டாள்! ஆஃப் பண்ணுடி!"

மாமாக் கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

ஹேமநாதனின் வாய் திறந்தபடியே நின்றது.

செத்துப்போனவள்... ஏர்கான்... எப்படி...?

எஞ்சின் அணைந்தது. போனில் மழைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. மூடிய கடைக்குள் இவ்வளவு மழை எப்படிக் கேட்கும்?

ஒரு பெண் குரல் வந்தது. ரூபினியின் குரல் அல்ல.

"வணக்கம், மிஸ்டர் ஹேமநாதன். இன்ஸ்பெக்டர் ஜோஆன் பேசறேன். பொண்டாட்டி ஷட்டரைத் திறங்கன்னு கெஞ்சினது உங்க காதுல விழல. ஏர்கான் க்ளிக்னு போட்டது மட்டும் விழுந்துடுச்சு. அற்புதமான காது சார் உங்களுக்கு!"

ஹேமநாதன் போனைக் கீழே போட்டான். வாசலைப் பார்த்தான்.

பக்கத்து மேஜையில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் எழுந்தான். தொப்பை வைத்த, தூங்கி வழிகிற முகம். அவன் கையில் இருந்த போன் இவனையே படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார்ஜன் விஜயன்" என்றான் அவன். "நீ ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்ட்டது பூரா அழகா வந்திருக்கு தம்பி. மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்லட்டா? சிகாமட் ரொம்ப தூரம்."

அங்கே, சிகாமட்டில் நடந்தது இதுதான்.

ஹேமநாதன் தன் வொர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான். ஷட்டரைத் திறக்காமல் எவனும் எஞ்சினைத் தொடக்கூடாது. ரூபினி மாடியில் இருந்து தினமும் அவன் கத்துவதைக் கேட்டிருக்கிறாள். காலையில் கீழே வந்தவள் பின்கதவு இடுக்கில் துணியைப் பார்த்தாள். காருக்கு அடியில் கழற்றிப் போட்ட டப்பாவைப் பார்த்தாள். மெசேஜைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் இதயப் படம் அனுப்பியதில்லை!

அடுத்த நிமிஷம் இன்ஸ்பெக்டர் ஜோஆனுக்குப் போன் செய்தாள். கருப்பாயி கேஸைப் பார்ப்பவள் அவள்தான் என்று பேப்பரில் படித்திருந்தாள். இரண்டையும் சேர்த்தே சொன்னாள். ஹேமநாதனின் போன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஜோஆன் விஜயனை அங்கே அனுப்பினாள்.

ஷட்டர் இறங்கியது உண்மைதான். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் இரண்டு போலீஸ்காரர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள். அந்த கடகட சத்தத்தை விழுங்கியது அவனே மாட்டிய எக்ஸாஸ்ட்தான். காருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ரூபினி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தாள்.

ஜோஆன் அவளை நடைபாதைக்கு அழைத்துப் போய்க் கிசுகிசுத்தாள்.

"சூப்பரா நடிக்கிறீங்கக்கா."

"நடிக்கல மேடம். இந்த வீட்டுல நான் தினமும் பேசற குரல்தான் இது."

 ஜோஆன் அவள் தோளைத் தொட்டாள்.

"ஒரே ஒரு பிரச்சினைக்கா. ஆள் லைன்ல இருக்கான், ஆனா வாயே திறக்கல. நாளைக்குக் கோர்ட்ல, போனைக் கட் பண்ண மறந்து மேஜையில வச்சிட்டேன், எனக்கு ஒன்னுமே கேக்கலன்னு சொல்லிட்டா? அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்னு காட்டணும்."

"பேச வைக்கணுமா? ஏர்கானைப் போடுங்க."

"என்னா?"

"பொண்டாட்டி செத்தா பொறுத்துக்குவாரு மேடம். வேலை கெட்டா பொறுக்க மாட்டாரு."

ஜோஆன் ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் விரலால் அந்தப் பொத்தானைத் தட்டினாள்...

சாயங்காலம். போலீஸ் ஸ்டேஷன்.

விலங்கு போட்ட கையோடு ஹேமநாதன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஜோஆன். மூலையில் நாற்காலியில் ரூபினி. தோளில் யாரோ போர்த்திவிட்ட துண்டு. கையில் யாரோ கொடுத்த மைலோ.

"பொண்டாட்டியைக் கொல்லப் பாத்தது இருக்கட்டும்" என்றாள் ஜோஆன். "கருப்பாயியை அடிச்சிட்டு ஓடினதுக்கு வருவோம்."

"நான் அடிக்கல!"

"கார் உங்களது."

"கார் என்னுது! ஆனா நான் ஓட்டல! அவதான் ஓட்டினா! அந்தா உக்காந்திருக்காளே, அவ!"

விஜயன் வாய்விட்டே சிரித்துவிட்டான். "அக்காவுக்கு லைசென்ஸே கிடையாது தம்பி. செக் பண்ணியாச்சு."

"அதான் சார், நான் கத்துக்குடுத்துக்கிட்டு இருந்தேன்! தோட்டத்து ரோட்டுல..."

"எல் லைசென்ஸ் எடுத்தீங்களா?"

"இல்ல..."

"அவங்க ஓட்டினதை யாராச்சும் பாத்தாங்களா?"

"அங்க யாருமே இல்ல மேடம்..."

"கார்ல டேஷ்கேம்?"

ஹேமநாதனின் முகம் பளிச்சென்று மலர்ந்தது!

"இருந்துச்சு மேடம்! உள்ள பேசறதும் பதியும்! 'பிரேக்கை மிதி ரூபினி, பிரேக்கை மிதி'ன்னு நான் கத்தினது பதிஞ்சிருக்கும்!"

"வெரி குட். கார்டு எங்க?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மெல்ல... மெல்ல... வாடியது.

"...சுத்தியலால அடிச்சு உடைச்சிட்டேன்."

"பழைய பம்பர்?"

"எரிச்சிட்டேன்."

"கார் கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பதிவு?"

"அழிச்சிட்டேன்... ரெண்டு தடவை..."

ஜோஆன் பேனாவை மூடி வைத்தாள்.

"சுத்தமான வேலைக்காரர் சார் நீங்க. உங்களைக் காப்பாத்தக்கூட ஒன்னும் மிச்சம் வைக்கல!"

ஹேமநாதன் அழ ஆரம்பித்தான். கண்ணாடி முன்னால் பழகிய அழுகை அல்ல இது. நிஜ அழுகை. அசிங்கமாக இருந்தது.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை!

அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது ரூபினிதான். முறுக்கேற்றிய எஞ்சின்... லேசாகத் தொட்டாலே பாய்கிற கார்... பிரேக் என்று நினைத்து அவள் கால் மிதித்தது வேறொன்றை. எல்லாம் முடிந்த பிறகு அவளை இழுத்து நகர்த்திவிட்டு அவன் சீட்டில் ஏறிக்கொண்டான். திரும்பிப் போகலாம், அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரூபினி சொல்லவில்லை. 'போயிடலாங்க' என்றுதான் சொன்னாள். முதலில் சொன்னது அவள்தான்.

அன்றிலிருந்து அவனுக்குக் கொண்டாட்டம். குழம்பில் உப்பு குறைந்தால், 'நான் வாயைத் திறந்தா நீ உள்ளதான்டி'. சட்டை இஸ்திரி போடாவிட்டால், 'கருப்பாயி பேய் உன்னைத்தான் தேடுது'. ஒவ்வொரு நாளும். ஒவ்வொரு வேளையும்.

போன வாரம் போலீஸுக்குப் போறேன் என்று திருப்பிச் சொன்னவள், இதையும் சேர்த்துச் சொன்னாள். "யாரு முதல்ல ஸ்டேஷன் படி ஏறறாங்களோ, அவங்க சொல்றதுதானே கதை? லைசென்ஸ் இல்லாத நான் ஓட்டினேன்னு எவன் நம்புவான்?"

அவளைக் கொல்ல அவன் முடிவெடுத்தது அந்த நிமிஷம்தான்.

அவளும் அதை எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதுகூடச் சரியில்லை... காத்திருந்தாள். தினமும் கீழே இறங்கிவந்து கதவு இடுக்குகளைப் பார்த்தாள்.

ராத்திரிகளில் அந்தத் தூக்கிய கை இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பாவத்தைச் சுமக்க யாராவது ஒருவர் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்குத் தோள் வலித்தது. பக்கத்தில் இன்னொரு தோள் இருந்தது. இறக்கி வைத்துவிட்டாள். இறக்கி வைத்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள். பசிதான் வந்தது.

"சொல்லுடி!" ஹேமநாதன் விலங்கோடு எழுந்து பாய்ந்தான். "உண்மையைச் சொல்லு! நீதானே ஓட்டினே? சொல்லுடி!"

இரண்டு பேர் அவனை அமுக்கினார்கள்.

ரூபினி மைலோவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவன் பக்கத்தில் குனிந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். அறைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அழாதீங்க. உங்களை நான் மன்னிச்சிட்டேங்க."

பிறகு காதோடு, அவனுக்கு மட்டும்...

"தூங்கு ஹேமா. எல்லாம் சரியாப் போயிடும்."

அவன் அலறிய அலறலில் வெளியே நின்ற போலீஸ்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். இழுத்துக்கொண்டு போனார்கள். நடை முழுக்க அவன் குரல் தேய்ந்துகொண்டே போனது. அவதான்... அவதான்... அவதான்...

"எல்லாவனும் கடைசியில பொண்டாட்டி மேலதான் பழியைப் போடறான்" என்று விஜயன் சலித்துக்கொண்டான்.

ஜோஆன் ரூபினியை வாசல் வரைக்கும் கூட்டி வந்தாள். மழை விட்டிருந்தது.

"டாக்ஸி சொல்லியிருக்கேன்க்கா. இப்போதைக்கு மைவி எங்ககிட்டதான் இருக்கும்."

"வச்சுக்குங்க மேடம். எனக்கு எதுக்கு?"

"ஒன்னு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இனிமே தனியா வாழப்போறீங்க. எத்தனை நாளைக்கு டாக்ஸி பிடிப்பீங்க? முதல் வேலையா டிரைவிங் கத்துக்கிட்டு லைசென்ஸ் எடுத்துடுங்க லா."

ரூபினி சிரித்தாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, உள்ளேயும் ஏதோ அசைகிற சிரிப்பு.

"ஐயையோ, நானா? வேணாம் மேடம்... நான் காரை எடுத்தா, ரோட்டுல நடக்கிறவங்க கதி என்னா ஆகறது!"